பிஸ்கட் டின்னில் 14 பாஸ்போர்ட்: ஒரு முன்தணிக்கைச் சேவையைப் பற்றி

போன மே மாதம் 4,800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து எங்கள் பட்டறைக்கு இரண்டு நாள் முன்தணிக்கை செய்துகொண்டோம். வாடிக்கையாளர் அனுப்பும் உண்மையான ஆடிட்டர் வருவதற்கு முன்னால், தொழிலாளர்களை வைத்திருக்கும் விதத்தில் நாம் எங்கே மாட்டுவோம் என்று பார்த்துச் சொல்ல நாமே காசு கொடுத்து வரவழைக்கும் ஆடிட் அது. வந்தவர்கள் பினாங்கைச் சேர்ந்த ஒரு நிறுவனம். பெயர் போடவில்லை, குறைகளையும் எழுதப்போகிறேன் என்பதால். கூலிம், சுங்கைப்பட்டாணிப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் என்னைக் கண்டால் கேளுங்கள், சொல்கிறேன்.

வாரத்திற்கு ஒருவராவது போன் செய்து, "அக்கா, அந்த ஸ்லேவரி பாரம் உங்களுக்கும் வந்துச்சா? என்னத்த எழுதுறது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முக்கால் மணி நேரம் பேசி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் செய்வது பேலட், சரக்குப் பெட்டிகளை மேலே அடுக்கி ஏற்றும் மரத்தட்டு. கெடா மாநிலத்துப் பாடாங் செராயில், ரப்பர் மரப் பலகையில். தோட்டத்தில் 25 வருடம், 30 வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்யும்போது அந்தக் கட்டைதான் பலகையாகி எங்களிடம் வருகிறது. அறுத்த கையோடு மருந்தில் முக்காவிட்டால் நீலம் பாய்ந்துவிடும், அப்படி ஒரு மென்மையான மரம். என் அப்பா, அம்மா இருவருமே மரம் வெட்டியவர்கள். எங்கள் பேச்சில் மரம் வெட்டுவது என்றால் பால் எடுப்பது, சாய்ப்பது இல்லை. அவர்கள் வெட்டிய நிரையில் நின்ற ஏதாவது ஒரு மரமாவது எங்கள் பட்டறை வழியாகக் கப்பலேறியிருக்கும் என்று நான் சொல்வேன். கணவர் சிரிப்பார்.

அவர் பட்டறையைப் பார்க்கிறார். கணக்கும் ஆட்கள் விஷயமும் என் பொறுப்பு. மொத்தம் 18 பேர். நம் ஊர்க்காரர்கள் 4, நேப்பாளிகள் 12, வங்காளதேசத்துத் தம்பிகள் 2. நேப்பாளித் தம்பிகள் என்னை 'தீதீ' என்பார்கள், அக்கா என்று அர்த்தம். அவர்களுக்குள் மூத்தவனை 'தாய்' என்று கூப்பிடுவார்கள். அவர்கள் மொழியில் தாய் என்றால் அண்ணன். மீசை வைத்த ஒருவனைப் பார்த்துப் பத்துப் பேர் "தாய், தாய்" என்று கத்துவதைக் கேட்டு முதல் மாதம் முழுக்க எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பேலட்டில் முக்கால்வாசி ஒரு கையுறைத் தொழிற்சாலைக்குப் போகிறது. அங்கே அதன் மேல் கையுறைப் பெட்டிகள் ஏறி வெளிநாடு போகின்றன. அதனால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரிச் சூடு ஏறி 30 நிமிடம் நிற்க வேண்டும், அப்புறம்தான் அந்தக் கதிர் படம் போட்ட முத்திரை குத்தலாம். இத்தனை வருடமாக எங்களைச் சோதிக்க வந்தவர்கள் எல்லாரும் மரத்தில் பூச்சி இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள்.

ஜனவரியில் அந்தத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவிலிருந்து ஒரு ஈமெயில் வந்தது. நவீன அடிமைத்தனத் தடுப்பு என்று தலைப்பு, 84 கேள்விகள். "அடிமையாம்ல, நம்ம பட்டறையிலயாம்" என்று கணவரிடம் காட்டினேன். இருவரும் சிரித்தோம். சிரித்துவிட்டு உட்கார்ந்து எழுதினால், முப்பதாவது கேள்விக்கு மேல் என்னால் நகர முடியவில்லை. 'உங்கள் தொழிலாளர் வேலைக்கு வருவதற்கு யாருக்கு எவ்வளவு பணம் கொடுத்தார்?' என்று ஒரு கேள்வி. எனக்கு எப்படித் தெரியும்?

இது ஏன் நம் தலையில் வந்து விழுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல பேர் இதை ஏதோ கொள்முதல் அதிகாரியின் குசும்பு என்று நினைக்கிறார்கள். அமெரிக்காவில் 1930-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் 307-ஆவது பிரிவின்படி, கட்டாய உழைப்பில் செய்த பொருளை அவர்கள் உள்ளே விட மாட்டார்கள். 2020 ஜூலையில் நம் நாட்டு டாப் குளோவ் கம்பெனியின் கையுறைகளை அப்படித்தான் நிறுத்தினார்கள். தொழிலாளர்கள் வேலைக்கு வர ஏஜெண்டுகளுக்குக் கட்டிய பணத்தை நிறுவனம் திருப்பிக் கொடுத்து, மற்றவற்றையும் சரிசெய்த பிறகு 2021 செப்டம்பரில்தான் தடை நீங்கியது. இரண்டு செம்பனை எண்ணெய்க் கம்பெனிகளுக்கும் 2020-இல் அதே அடி விழுந்தது. பிரிட்டனில் 2015-இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 36 மில்லியன் பவுண்டைத் தொட்ட கம்பெனிகள், தங்களுக்குச் சரக்கு வரும் வழியில் அடிமைத்தனம் இல்லாமலிருக்க என்ன செய்கிறோம் என்று வருடா வருடம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை 2027 டிசம்பர் 14-இல் தொடங்குகிறது. அங்கே இருக்கிற கடைக்காரன் கையுறைக்காரரைக் கேட்கிறான், கையுறைக்காரர் பெட்டிக்காரரையும் பேலட்காரியையும் கேட்கிறார். நம் நாட்டுச் சட்டமும் சும்மா இல்லை. 2023 ஜனவரி 1-இலிருந்து வேலைவாய்ப்புச் சட்டத்தில் 90பி என்ற பிரிவு சேர்ந்திருக்கிறது. கட்டாய உழைப்புக்கு 1 லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது 2 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சரி, சேவைக்கு வருகிறேன்.

முதல் சறுக்கலே தேதியில். வெள்ளிக்கிழமை வருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். கெடாவில் வெள்ளி விடுமுறை, எங்கள் பட்டறையும் அன்றுதான் மூடும். பினாங்கு ஒரு மணி நேரத் தூரம்கூட இல்லை, இது தெரியாதா? மாற்றி ஞாயிறு, திங்கள் வந்தார்கள். இரண்டு பேர். ஒருவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், ஏதோ தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் இருந்தவராம். இன்னொருவர் இளம் பெண், டார்ஜிலிங் பக்கத்துக்காரர், நேப்பாளி நன்றாகப் பேசுவார், மலாயும் வரும். இந்தப் பெண்ணுக்காகத்தான் நான் இந்த மதிப்பீட்டையே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலையாக என் மேசை மேல் 11 அட்டைகளைப் பரப்பினார். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்குச் சொல்லும் 11 அறிகுறிகள்: ஒருவரின் இயலாமையைப் பயன்படுத்திக்கொள்வது, ஏமாற்றுவது, வெளியே போகவிடாமல் தடுப்பது, தனிமைப்படுத்துவது, அடி உதையும் பாலியல் கொடுமையும், மிரட்டல், அடையாளப் பத்திரங்களைப் பிடித்து வைப்பது, சம்பளத்தைப் பிடித்து வைப்பது, கடனில் கட்டிப்போடுவது, மோசமான வேலைச் சூழலும் தங்குமிடமும், அளவுக்கு மீறிய கூடுதல் நேரம். "உங்கள் பட்டறையில் நிச்சயமாக இல்லை என்று நினைப்பதை எடுத்து ஓரமாக வையுங்கள் மேடம்" என்றார். 9 அட்டையை மளமளவென்று எடுத்து வைத்தேன். கூடுதல் நேரமும் தங்குமிடமும் மட்டும் மிச்சம். அதில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்று எனக்கே தெரியும்.

"பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். எழுந்து போய் இரும்பு அலமாரியின் மேல்தட்டிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்துக் காட்டினேன். 14 பாஸ்போர்ட், ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறையில், பெயர் எழுதி, பெர்மிட் முடியும் தேதி வாரியாக அடுக்கி. பார்ப்பவர் மெச்ச வேண்டும் என்றுதான் எடுத்தேன். பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருப்பது நான்தான் என்று எனக்கு அவ்வளவு பெருமை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஓரத்தில் இருந்த 9-இல் ஒரு அட்டையை எடுத்து மறுபடி நடுவில் வைத்தார்.

1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படியே அடுத்தவர் பாஸ்போர்ட்டை நாம் வைத்திருப்பது குற்றம். தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. ஏஜெண்ட் விமான நிலையத்திலேயே வாங்கிக் கட்டுக் கட்டி என் கையில் கொடுத்தார், நான் டின்னில் போட்டேன். கூட வந்த பெரியவர், "ஒவ்வொருவரிடமும் சம்மதக் கடிதம் எழுதி வாங்கிவிடலாம்" என்று ஒரு வழி சொன்னார். அந்தப் பெண் அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "பெர்மிட்டைப் புதுப்பிக்கிற முதலாளி நீட்டுகிற காகிதத்தில் எந்தத் தொழிலாளி கையெழுத்துப் போடாமல் இருப்பான், சார்?" என்றார். பெரியவர் கப்சிப். ஒரே சேவை, ஒரே கட்டணம், வருகிறவர் மாறினால் கிடைக்கிற அறிவுரை இப்படி மாறுகிறது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஹாஸ்டல். கடைவீதியில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அளவு நாடாவை நீட்டினார்கள். பெரிய அறை 12-க்கு 14 அடி, அதாவது 15.6 சதுர மீட்டர். இது மாதிரி வீட்டில் ஆளுக்கு 3.6 சதுர மீட்டர் தூங்கும் இடம் கொடுக்க வேண்டும் என்பது விதி. வகுத்துப் பார்த்தால் நான்கு பேர்தான், நாங்கள் ஐந்து பேரை வைத்திருந்தோம். மெத்தை 4 அங்குலம் இருக்க வேண்டும், எங்களுடையது அழுத்திப் பார்த்தால் இரண்டு. ஆளுக்கொரு பூட்டுப் போடும் அலமாரி இல்லை. இந்தப் பகுதியை இரண்டு பேரும் அருமையாகச் செய்தார்கள். எந்தக் கடையில் எவ்வளவுக்கு வாங்கலாம் என்பது வரை சொன்னார்கள். இதற்கு மேல் இதில் எழுத ஒன்றுமில்லை, வாங்கிப் போட்டோம்.

சம்பளச் சீட்டில்தான் இரண்டாவது அட்டை திரும்பி வந்தது. எங்கள் வழக்கப்படி முதல் பத்து மாதம் ஆளுக்கு 50 வெள்ளி பிடித்துவைத்து, ஒப்பந்தம் முடியும்போது 500-ஆகக் கொடுப்போம். இதுவும் ஏஜெண்ட் சொல்லிக் கொடுத்ததுதான். "ஓடிப்போக மாட்டானுங்க அக்கா" என்றார். திருப்பித்தான் கொடுக்கிறோமே, இதில் என்ன தப்பு என்று நான் வாதாடினேன். அந்தப் பெண், "உங்கள் கையுறைக் கம்பெனி உங்கள் பில்லில் மாதம் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மூன்று வருடம் கழித்துத் தருகிறேன் என்றால்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவர்கள் 60 நாள் கழித்துக் காசு அனுப்புவதற்கே நான் ஊரைக் கூட்டுகிறவள்.

கூடுதல் நேரம் மாதத்துக்கு 104 மணிக்கு மேல் போகக்கூடாது. போன ஆண்டு அக்டோபரில் மூன்று பேருக்கு 121, 118, 126 என்று போயிருந்தது. இதில் மட்டும் நான் குற்றத்தை முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை. வியாழன் மத்தியானம் மூன்று மணிக்குக் கூப்பிட்டு, "ஞாயிறு காலைல 600 பேலட் வேணும்" என்றால் யார் அடிப்பது? அடிமைத்தனத் தடுப்புக்கு 84 கேள்வி அனுப்புகிறவர்களும், வியாழன் மூன்று மணிக்குக் கூப்பிடுகிறவர்களும் ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அறிக்கையில் இதை எழுதுங்கள் என்று கேட்டேன். எழுதவில்லை. வாடிக்கையாளரைப் பற்றி எழுத அவர்கள் படிவத்தில் கட்டமே இல்லையாம்.

இப்போது இரண்டாம் நாளுக்கு வருகிறேன். காலை பத்து மணிக்கு அந்தப் பெண் என்னையும் கணவரையும் பார்த்து, "நீங்கள் இரண்டு பேரும் வெளியே போய் டீ குடித்துவிட்டு வாருங்கள், ஒன்றரை மணி நேரம்" என்றார். என் பட்டறையிலிருந்து என்னையே வெளியே அனுப்புகிறார். போனோம். முச்சந்தி டீக்கடையில் இரண்டு தே தாரேக், ஒரு ரொட்டி சானாய், அப்புறம் இன்னொரு தே தாரேக். கணவர் மூன்று தடவை மணி பார்த்தார். தொழிலாளர்களைச் சாப்பாட்டுக் கொட்டகையில் மூன்று மூன்று பேராக உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். கடைசியில் விரும்பியவர்களுடன் தனித்தனியாகவும்.

திரும்பி வந்தபோது யார் என்ன சொன்னார் என்று அவர் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். எண்ணிக்கை மட்டும். 12 நேப்பாளிகளில் 9 பேர் வேலைக்கு வரப் பணம் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் நம் காசுக்கு 3,500-இலிருந்து 6,000 வெள்ளி வரை. ஊரில் வட்டிக்கு வாங்கிய பணம், நூற்றுக்கு மூன்று, மாத வட்டி. சிலரிடம் ஏஜெண்டின் ஆள், 'இலவசமாக வந்தேன்' என்று காத்மாண்டுவில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டானாம். ஏசி போட்ட தளவாடத் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வந்து பார்த்தால் ஆணித் துப்பாக்கியும் மரத்தூளும். கடன் அட்டை, ஏமாற்று அட்டை, இரண்டும் நடுவுக்கு வந்தன. ஓரத்தில் ஐந்துதான் மிச்சம்.

இதே ஆட்களுக்காக நான் தலைக்கு 3,900 வெள்ளி ஏஜெண்டுக்குக் கொடுத்திருக்கிறேன், ரசீதோடு. டிக்கெட், விசா, மருத்துவச் சோதனை எல்லாம் முதலாளி செலவு என்று 2018 அக்டோபரில் நேப்பாளமும் மலேசியாவும் ஒப்பந்தமே போட்டிருக்கின்றன. ஒரே மாட்டை இரண்டு சந்தையில் விற்றிருக்கிறார். மாடு என்று எழுதிவிட்டேன், அழிக்காமல் விடுகிறேன், அந்த ஏஜெண்ட் அப்படித்தான் பார்த்திருக்கிறார். அன்று சாயங்காலமே கூப்பிட்டுக் கேட்டேன். "அக்கா, அதெல்லாம் அங்க நடக்கிறது. அங்க உள்ள ஏஜெண்ட் வாங்கியிருப்பான். நமக்கு எதுக்கு? நீங்க பேலட்டப் பாருங்க" என்றார். ஒரு நாளில் இருபது பேருக்குச் சொல்கிற பதில் மாதிரி அவ்வளவு சரளமாக வந்தது.

என் தாத்தா 1920-களில் சேலம் பக்கத்திலிருந்து ஒரு கங்காணியோடு வந்தவர். அதற்கு முன்னமே, 1907-இல், தமிழ்க் குடியேற்ற நிதி என்று ஒன்று இங்கே சட்டமாகிவிட்டது. தோட்ட முதலாளிகள் எல்லாரும் அதில் பணம் கட்ட வேண்டும், அதிலிருந்து ஆட்களின் கப்பல் செலவு போகும், கூலிக்காரன் கடனில்லாமல் வந்து இறங்க வேண்டும் என்பது கணக்கு. இன்றைக்கு ஆடிட்காரர்கள் 'முதலாளியே கட்ட வேண்டும்' என்று புதுக் கண்டுபிடிப்பு மாதிரி சொல்கிறார்களே, அதேதான். ஆனால் தாத்தா கடனோடுதான் இறங்கினார். கப்பல் சும்மா, சரி. கிளம்பும்போது வீட்டுக்குக் கங்காணி கொடுத்த முன்பணம், வேட்டி, வழிச் சோறு எல்லாம் அவர் நோட்டில் ஏறிவிட்டது. அந்த நோட்டு அடைபட எத்தனை வருடம் ஆனது என்று பாட்டி ஒவ்வொரு தடவை ஒவ்வொரு கணக்குச் சொல்வார். அன்று இரவு இந்தக் கதையை யாரிடமும் சொல்லவில்லை. டின்னை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.

வங்காளதேசத்துத் தம்பிகள் இரண்டு பேர் விஷயத்தில் சேவை சொதப்பியது. வங்காளம் பேச ஆள் கொண்டு வரவில்லை. போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார்கள். பட்டறைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, பத்து நிமிடத்தில் 'பிரச்சினை இல்லை' என்று எழுதிவிட்டார்கள். நான் பிடிவாதம் பிடித்து, அடுத்த மாதம் தனியாக 350 வெள்ளி கொடுத்து ஆள் வரவழைத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து கட்டியது 30,500 வெள்ளி. நேப்பாளிகள் 9 பேரும் சேர்ந்து கட்டியதே 41,300. எது பிரச்சினை இல்லை?

மொத்தம் 71,800. இதை நாங்கள் திருப்பிக் கொடுக்கிறோம், 18 தவணையில், மாதம் நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைய, அவரவர் வங்கிக் கணக்கில். நான் வாங்காத காசை நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று கணவர் இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவர் கேள்வி நியாயமான கேள்விதான். ஆனால் வாங்கியவன் கொடுக்கப்போவதில்லை, இவர்கள் உழைப்பது எங்களுக்கு. கையுறைத் தொழிற்சாலைக்குக் கடிதம் எழுதினேன், பங்கெடுத்துக்கொள்ளுங்கள் என்று. மூன்றாவது கடிதத்துக்குப் பேலட்டுக்கு 40 சென் ஏற்றிக் கொடுத்தார்கள். அதுவே பெரிது என்கிறார்கள் மற்ற சப்ளையர்கள். பிடித்து வைத்திருந்த 50 வெள்ளிகளையும் ஜூன் சம்பளத்தோடு மொத்தமாகக் கொடுத்துவிட்டோம்.

இந்த நிலையில் முன்தணிக்கைக்காரர்களின் உதவி தேவைப்பட்டது. எப்படிக் கணக்கிடுவது, எந்த மாற்று விகிதம், கட்டிய வட்டியைச் சேர்ப்பதா, ஏஜெண்ட் மேல் எங்கே புகார் கொடுப்பது. பதிலுக்கு ஒரு எக்ஸெல் தாள் வந்தது. மேற்கொண்டு ஆலோசனை என்றால் மணிக்கு 300 வெள்ளி. கண்டுபிடிப்பது வரை ஒரு விலை, சரிசெய்வதற்கு வேறு விலை. முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கொள்கைக் கோப்பு என்று 62 பக்கம் கொடுத்தார்கள், ஆங்கிலத்தில். நான் கடைசிப் பக்கம் வரை படிக்கிற ரகம். 17-ஆம் பக்கத்தில் வேறொரு கம்பெனியின் பெயர் அப்படியே இருந்தது. 40-ஆம் பக்கத்தில், நடுக்கடலில் மீன்பிடிப் படகில் தொழிலாளர்களை மாதக்கணக்கில் இறக்கிவிடாமல் வைத்திருக்க மாட்டோம் என்று நாங்கள் உறுதி கூறியிருந்தோம். பாடாங் செராயில். சொன்ன பிறகு திருத்தி அனுப்பினார்கள், ஒரு வாரத்தில். தொழிலாளர்களுக்கு நேப்பாளியிலும் வங்காளத்திலும் இரண்டே பக்கச் சுருக்கம் கேட்டேன். அதுவும் வந்தது, அது நன்றாக இருந்தது. சம்பளம், லீவு, கூடுதல் நேரம், பாஸ்போர்ட், புகார். படம் போட்டு. அந்த இரண்டு பக்கத்தையே முதலில் கொடுத்திருக்கலாம்.

புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண் கொடுத்தார்கள், ஆண்டுக்கு 600 வெள்ளி தனி. மூத்த 'தாய்' தம்பியை விட்டு இரவு ஒன்பது மணிக்கு அடிக்கச் சொன்னேன், சோதனைக்கு. மலாயிலும் ஆங்கிலத்திலும் பதிவுக் குரல்: திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 முதல் மாலை 6 வரை. எங்கள் ஆட்களுக்கு ஓய்வு வெள்ளி மட்டும்தான். வாரத்தில் ஒரு நாள் மட்டும் வாய்க்கிற புகார். புதுப்பிக்கவில்லை. மனிதவள அமைச்சின் செயலி ஒன்று இருக்கிறது, காசில்லாமல் அதில் புகார் கொடுக்கலாம், அதைத் தம்பிகள் போனில் ஏற்றிவிட்டோம்.

புகார்ப் பெட்டி கதை என் தவறு, அவர்கள் மேல் பழி போட முடியாது. நல்ல ரப்பர் பலகையில் கணவரே பெட்டி செய்தார், பூட்டோடு, வார்னிஷ் அடித்து. சாப்பாட்டுக் கொட்டகையில் நல்ல வெளிச்சமான இடமாகப் பார்த்து மாட்டினேன். இரண்டு வாரம் ஒரு சீட்டு இல்லை. அந்தப் பெண்ணுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். சிரிக்கிற முகம் ஒன்று மட்டும் பதில் வந்தது, கூடவே என் படத்தில் ஒரு சிவப்பு வட்டம். பெட்டிக்கு நேர் மேலே சிசிடிவி. இப்போது ஹாஸ்டல் மாடிப்படி ஓரம் இருக்கிறது. ஐந்து மாதத்தில் மூன்று சீட்டு. குளியலறைத் தண்ணீர் வேகம் போதவில்லை. வாரம் இரண்டு நாளாவது கோழி வேண்டும். மூன்றாவது, முன்னிரவு வேலையைப் பிரித்துப் போடும் மண்டோர் (மேஸ்திரி) தன் ஆட்களுக்கே கூடுதல் நேரம் கொடுக்கிறார் என்று. அந்த மண்டோர் நம் ஆள், தூரத்து உறவு வேறு. அந்தச் சீட்டுக்காக நான் பட்ட பாடு தனிக் கதை, இங்கே வேண்டாம்.

ஆகஸ்டில் உண்மையான ஆடிட் வந்தது, வேறு நிறுவனம், தொழிற்சாலை அனுப்பியது. தீயணைப்பு உருளை ஒன்றின் தேதி முடிந்திருந்தது, கூடுதல் நேரத்தில் பழைய மாதங்கள், இந்த இரண்டு குறையோடு தேறினோம். பாஸ்போர்ட் எங்கே என்று ஆடிட்டர் கேட்டார். ஆளாளுக்குத் தன் அலமாரியைத் தன் சாவியால் திறந்து காட்டினார்கள். வேலைக்கு வரப் பணம் கட்டினார்களா என்ற இடத்தில் ஏஜெண்டின் பழைய கடிதத்தைக் கோப்பில் பார்த்தார், 'தொழிலாளர் செலவு: இல்லை' என்று இருந்தது, டிக் அடிக்கப் போனார். நான்தான் நிறுத்தி, அது பொய் சார், உண்மைக் கணக்கு இந்தத் தாளில் என்று கொடுத்தேன். அவர் முகத்தில் கொஞ்சம் எரிச்சல், படிவத்தை மறுபடி எழுத வேண்டுமே.

பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் ஓடிவிடுவான் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். ஒருவன் போனான், உண்மை. 14-இல் ஒருவன், மூன்றாவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. அலமாரிச் சாவியை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்துவிட்டுப் போயிருந்தான். குடிநுழைவுத் துறைக்கு எழுதினோம், பெர்மிட்டுக்குக் கட்டிய லெவி 1,850 போனது போனதுதான். அவன் ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தின் தவணை மட்டும் இன்னும் அவன் கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அது அவன் காசு. "இது மட்டும் ஊரில் தெரிஞ்சா நம்மள காட்சிசாலைல வச்சிருவாங்க" என்கிறார் கணவர். இப்போது தெரிந்துவிட்டது.

ஐந்துக்கு எத்தனை என்றால், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் போட எனக்கு மனம் வரவில்லை. கோப்பு, போன் எண், பெரியவரின் சம்மதக் கடித யோசனை, இவற்றுக்கு இரண்டு. அளவு நாடாவுக்கு நான்கு. அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஐந்து. 4,800-இல் அதற்கு மட்டும் தனியாக விலை கேட்டால் நான் முழுத் தொகையையும் கொடுப்பேன். பத்துப் பதினைந்து ஆள் வைத்திருக்கும் பட்டறைக்கு இது பெரிய காசுதான். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மூன்று நான்கு பட்டறைகள் சேர்ந்து ஒரே வாரத்தில் வரவழைத்தால் ஆளுக்கு 3,200-க்கு இறங்குவார்கள், கேட்டுப் பார்த்துவிட்டேன்.

இந்தச் சேவையை வைக்கிறதாக இருந்தால், முதலில் அந்தப் பெண்ணின் தேதியைக் கேளுங்கள். மாதத்தில் இரண்டு வாரம்தான் அவர் வடக்குப் பக்கம். வேறு ஆளை அனுப்புகிறோம் என்றால் ஒத்திப்போடுங்கள். வங்காளதேசத்தவர், மியன்மார்காரர் இருந்தால் அந்த மொழி பேசும் ஆள் நேரில் வர வேண்டும் என்று முன்பே எழுதி வாங்குங்கள். அவர் டீக்கடைக்குப் போகச் சொன்னால் போய்விடுங்கள். போன இடத்தில் கைபேசியில் சிசிடிவியைத் திறக்காதீர்கள். நான் திறந்தேன். கொட்டகைக் கேமராவின் மேல் தன் சால்வையைப் போட்டு வைத்திருந்தார்.